பாட்டுல எதுக்குப்பா அரசியல்?

போன வாரம் கல்லூரி ஆண்டு விழாவுக்காக எங்கள் வகுப்பு சார்பில் ஒரு லிஸ்ட் எழுதிக் கொடுத்தோம். கிராமிய நடனம், எட்டுப் பேர், இரண்டு தப்பு, பாட்டு ‘என்ஜாய் எஞ்சாமி’. இரண்டாவது நாளே லிஸ்ட் திரும்பி வந்துவிட்டது. எங்கள் வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. “ஏன் சார்?” என்று கேட்டதற்குக் கிடைத்த பதிலைத்தான் மேலே தலைப்பாக வைத்திருக்கிறேன்.

தப்புக்கும் ஒரு யோசனை சொன்னார்கள். “சாவு மேளம் மாதிரி இருக்கும்பா. செண்டை வச்சுக்கோங்க, கெத்தா இருக்கும்.” நான் நன்னிலத்துக்காரன். எங்கள் தெருவிலேயே தப்பு அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தஞ்சாவூர் ரெட்டிப்பாளையம் தப்பாட்டம் ஊர் ஊராகப் போய் வருகிறது. 2025-ல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு மத்திய அரசு பத்மஸ்ரீயே கொடுத்துவிட்டது. டெல்லிக்கு ஓகே, எங்கள் ஆடிட்டோரியத்துக்கு ஆகாது. என்ன கொடுமை சார் இது!

சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அதே லிஸ்ட்டில் இன்னொரு துறை கொடுத்திருந்த பாட்டுக்கு டிக் போட்டிருந்தார்கள். ‘தேவர் மகன்’ படத்தில் ஊர்ப் பெருமை பேசுகிற அந்தப் பிரபலமான பாட்டு. 1992-ல் வந்தது. முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தென்மாவட்டத்தில் அது எந்தெந்த ஊர்வலத்தில் எதற்காக ஒலிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மாரி செல்வராஜ் அதைப் பற்றிக் கமலுக்குப் பகிரங்கமாகக் கடிதமே எழுதினார். 2023-ல் ‘மாமன்னன்’ பாடல் வெளியீட்டு மேடையில் கமலை எதிரே உட்காரவைத்து, ‘தேவர் மகன்’ தனக்கு ஏற்படுத்திய வலியைப் பற்றிப் பேசினார். அந்தப் பாட்டில் அரசியல் இல்லையாம். எங்கள் பாட்டில்தான் இருக்கிறதாம்.

இதைத்தான் கொஞ்சம் பேசலாம் என்று உட்கார்ந்தேன். பாட்டில் அரசியல் வேண்டாம் என்று சொல்கிறவர் யாரும் அரசியல் இல்லாத பாட்டு கேட்பதில்லை. அவருக்குப் பழகிப்போன அரசியல் காதில் விழுவதில்லை, அவ்வளவுதான். மின்விசிறிச் சத்தம் மாதிரி. நின்றால்தான் தெரியும்.

முதலில் என் பக்கத்து அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினொன்றாவது படிக்கும்போது, பொங்கலன்று நானும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டவன்தான். பச்சை வயல், நடுவில் ஏர் பிடித்த ஆள், பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு, கீழே “விவசாயி வீட்டுப் பிள்ளைடா!” என்று எழுத்து. அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. என்னடா எழுதியிருக்கே, படி என்றது. படித்தேன். அது ரொம்ப நிதானமாகக் கேட்டது: “எந்த நெலம்டா?”

எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. தாத்தாவுக்கும் கிடையாது. அவர் அப்பாவுக்கும் கிடையாது. அப்பாயி பன்னிரண்டு பதிமூன்று வயசில் நாத்து முடியைக் கையில் எடுத்தது, இடுப்பு விட்டுப்போகும்வரை ஊரான் வயலில்தான் நட்டது. குறுவை, சம்பா, தாளடி எல்லாம் அதற்குத் தெரியும். பட்டா என்றால் என்னவென்று தெரியாது. அன்றைக்கு ஸ்டேட்டஸை அழித்துவிட்டேன். இருபத்தேழு பேர் பார்த்திருந்தார்கள் :(

இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமிழ் சினிமாப் பாட்டில் வருகிற விவசாயி யார்? எம்.ஜி.ஆர். 1967-ல் ‘விவசாயி’ என்று பேர் வைத்தே நடித்தார். 2014-ல் ‘கத்தி’, 2018-ல் ‘கடைக்குட்டி சிங்கம்’, 2021-ல் ‘பூமி’. வயலை டாப் ஆங்கிளில் காட்டுவார்கள். ஹீரோ வரப்பில் நடந்து வருவார். சேற்றில் நாற்பது பெண்கள் குனிந்திருப்பார்கள், பாட்டு முழுக்க அவர்கள் முதுகுதான் தெரியும். பாட்டு ஹீரோவைப் பற்றி. வில்லன் எப்போதும் வெளியூரிலிருந்து கோட் போட்டுக்கொண்டு காரில் வருவான். ஏதாவது கம்பெனி, ஏதாவது மினிஸ்டர். உள்ளூரில் நூறு வேலி வைத்திருந்தவர் வில்லனாக வருவது அபூர்வம். உழுகிறவனையும் உடையவனையும் ஒரே ‘விவசாயி’ என்ற சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டால் யாருக்குக் கூலி பாக்கி என்ற கேள்வியே எழாது பாருங்கள். அதுதான் அந்தப் பாட்டுகளின் அரசியல். சிவப்பு மை அங்கே போகாது.

“அப்ப நிலம் வச்சிருக்கவன் எல்லாம் கெட்டவனா?” என்று யாராவது கிளம்பி வருவீர்கள், தெரியும். என் நண்பனின் அப்பா கோயில் நிலம் குத்தகைக்குச் செய்கிறார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று நெல்லைக் கொட்டிவைத்து, மேலே தார்ப்பாய் போட்டு, ராத்திரி முழுக்க அவரோடு நானும் படுத்திருக்கிறேன். அவரைப் பற்றி ஒரு பாட்டு வரட்டும், கை தட்டுகிறேன். அவர் பாட்டும் வரவில்லையே என்பதுதான் என் கோபம். வந்ததெல்லாம் ஹீரோ பாட்டு.

ஒரு காலத்தில் நிலைமை இப்படி இல்லை. அதுவும் நம்ம டெல்டாவிலிருந்தே ஒரு ஆள் போய்ச் செய்து காட்டியிருக்கிறார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். விவசாயச் சங்கத்தில் வேலை செய்துவிட்டு சினிமாவுக்குப் போனவர். 1958-ல் ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு ஒரு பாட்டு எழுதினார். டி.எம்.எஸ்.ஸும் பானுமதியும் பாடியது. நிலத்தைக் கொத்தி விதைத்து அறுக்கிற வேலையெல்லாம் வரிசையாக வரும், ஆனால் கடைசியில் கையில் என்ன மிஞ்சியது என்ற கேள்வியும் கூடவே வரும். அந்தக் காலத்தின் பெரிய ஹீரோ படம், கமர்ஷியல் ஹிட். அதில் இந்தக் கேள்வியைக் கேட்க முடிந்திருக்கிறது. 1959-ல், 29 வயசில், அவர் இறந்துபோனார். ‘கமர்ஷியல்னா இப்படித்தான் இருக்கும் மச்சான்’ என்று சொல்கிறவர்கள் அந்த ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

அந்தப் பாட்டு சும்மா வானத்திலிருந்து விழவில்லை. 1940-களில் பி.சீனிவாசராவ் கன்னடத்திலிருந்து வந்து, தமிழைப் பேசக் கற்று, கீழத்தஞ்சையில் சங்கம் கட்டினார். பண்ணையாட்களைச் சவுக்கால் அடிப்பது, சாணிப்பால் குடிக்க வைப்பது இதெல்லாம் ஒழிந்தது அந்தப் போராட்டங்களால். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்புறமும் தீரவில்லை. கூலியில் கொஞ்சம் நெல் கூடக் கேட்டதற்கும் செங்கொடியை இறக்க மறுத்ததற்கும் 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973-ல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது.

அப்பாயிக்கு அப்போது வயசுக்கு வரவில்லையாம். “அன்னைக்கு எங்க தெருவுல யாரும் வெளக்கு ஏத்தல” என்று மட்டும் சொல்லும். மேலே கேட்டால் பேச்சை மாற்றிவிடும். எங்கள் ஊர் மினி பஸ்ஸில் மூன்று வருஷமாகப் போய் வருகிறேன். காலையில் ராஜா, சாயங்காலம் அனிருத், தீபாவளிக்கு முன்னால் வேறு சில பாட்டு. மண், மண்வாசனை, எங்க மண்ணு என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காதில் விழும். வெண்மணி என்ற சொல் ஒரு தடவை கூட விழுந்ததில்லை.

இப்போது ‘என்ஜாய் எஞ்சாமி’க்கு வருகிறேன். 2021 மார்ச்சில் வெளிவந்தது. தீ, அறிவு பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. சினிமாவில் இல்லாத ஒரு தனிப்பாட்டு, யூடியூபில் ஐம்பது கோடிப் பார்வைக்கு மேல். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பி வந்தவர். அவர் சொன்ன கதையும் அவர் பேச்சும்தான் அந்தப் பாட்டு. மரம் நட்டவர்கள், காடு திருத்தியவர்கள், கடைசியில் தொண்டை நனையாமல் போனவர்கள். எல்லோரும் அதற்கு ரீல்ஸ் போட்டார்கள். கல்யாண மண்டபத்தில், ஜிம்மில், கிரிக்கெட் டர்ஃபில் எல்லாம் கேட்டது. எங்கள் வகுப்பில் “அரசியல் வேண்டாம்” என்று பேசிய ஒருத்தனின் காலர் ட்யூனே அதுதான். அவனுக்கு அது ஜாலிப் பாட்டு. அறிவு அதில் எதைப் பாடுகிறார் என்று கேட்டால் “கோழி, நாய்க்குட்டி எல்லாம் வரும்ல” என்றான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவனைப் பற்றி இல்லை. பாட்டுக்கு அப்புறம் நடந்ததைப் பற்றி. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ பத்திரிகை அட்டைப்படம் போட்டது. தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், எழுதிய அறிவு இல்லை. பா.ரஞ்சித் கேட்டார், சத்தம் வந்தது, அப்புறம் அறிவை வைத்துத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. அடுத்த வருஷம், 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. உலகமே பார்க்கிற மேடை. பாட்டு இருந்தது. தீயோடு கிடாக்குழி மாரியம்மாள் பாடினார். அறிவு அப்போதும் இல்லை. ஆளில்லாத நேரத்தில் இன்ஸ்டாகிராமில் மனசு விட்டு எழுதினார், மெட்டும் வரியும் யாரும் தனக்குக் கொடுத்ததில்லை என்று. சந்தோஷ் நாராயணன் மறுத்து விளக்கம் கொடுத்தார். பாட்டு எல்லோரும் சேர்ந்து செய்தது, வருமானமும் உரிமையும் மூன்று பேருக்கும் சமம் என்றார். இதில் யார் சொல்வது எவ்வளவு சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. மூன்று பேரும் எனக்குப் பிடித்தவர்கள்தான்.

2024 மார்ச்சில் கதை இன்னும் வேடிக்கையானது. சந்தோஷ் நாராயணனே வீடியோவில் வந்து, மூன்று வருஷத்தில் எங்கள் மூன்று பேருக்கும் அந்தப் பாட்டிலிருந்து ஒரு பைசா வரவில்லை என்றார். வெளியிட்ட நிறுவனம் அதை மறுத்தது. சமமாகப் பிரிப்போம் என்று சொன்னதும் சரி, எதைப் பிரிப்பது என்றதும் சரி. பூஜ்யத்தை மூன்றால் வகுத்தால் என்ன வரும் என்று மூன்றாம் கிளாஸ் பிள்ளையைக் கேளுங்கள்.

உடனே எனக்குக் களத்துமேடு ஞாபகம் வந்தது. நெல் இருக்கிறது, தூற்றியாச்சு, குவித்தாச்சு, ஊரே பார்க்கிறது. அளக்கும்போது மட்டும் படி காணாமல் போகும்.

நான் பி.காம். படிக்கிறவன், எனவே கொஞ்சம் கணக்கும் பேசிக்கொள்கிறேன் (மற்ற துறை நண்பர்கள் பொறுத்தருள்க). பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் முதல் மாசமே சொல்லித்தருவார்கள்: பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. அதாவது யார் கொடுத்தாரோ அவருக்குத்தான் கிரெடிட். இங்கிலீஷில் சினிமாவில் பெயர் போடுவதற்கும் அதே சொல். சட்டமும் ஒன்றும் மோசமில்லை. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் எழுதியவர் ஆயுளுக்கும் அவர் காலத்துக்குப் பிறகு 60 வருஷத்துக்கும் உரிமை இருக்கிறது. 2012 திருத்தத்தில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு கட்டாயம் என்றாகிவிட்டது. ஆனால் இந்தச் சட்டம் முழுக்க ‘ஆசிரியர்’ என்று ஒருவர் இருந்தால்தான் ஓடும். அப்பாயி பாடுகிற நடவுப் பாட்டுக்கு ஆசிரியர் யார்?

அந்தப் பாட்டு எப்படி நடக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், வரிசை முழுக்க வாங்கிப் பாடும், எல்லோரும் பின்னால் பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். கை வேகம் குறைந்தால் பாட்டு வேகம் கூடும். வரப்பில் யாராவது புது ஆள் போனால் நாத்து முடியைக் காலடியில் வைத்து வெற்றிலை பாக்குக்குக் காசு கேட்பார்கள். மிராசு வரும்போது அவரைப் புகழ்ந்து நாலு அடி பாடுவார்கள். அவர் முதுகு மறைந்ததும் அதே மெட்டில் வேறு நாலு அடி வரும். அந்த நாலு அடியை அப்பாயி எனக்குப் பாடிக் காட்டியிருக்கிறது. இங்கே எழுத முடியாது, எழுதினால் நிஜமாகவே சிவப்பு மை போட்டுவிடுவார்கள் :) கடைசி முடியை நட்டு முடித்ததும் குலவை. இப்போது நடவு மெஷின் வந்துவிட்டது. மெஷினுக்கு யாரும் பாடுவதில்லை. இடுப்பு தப்பித்தது, நல்லதுதான், நான் ஒன்றும் அந்தக் காலம் திரும்பவேண்டும் என்று சொல்லவில்லை. பாட்டு எங்கே போனது என்று மட்டும் கேட்கிறேன்.

பாட்டு எங்கும் போகவில்லை. ‘நாட்டுப்புறம்’, ‘மரபு’ என்று லேபிள் ஒட்டி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் புறம்போக்காகிவிட்டது. நிலத்தில் என்ன நடந்ததோ அதேதான் பாட்டிலும் நடக்கிறது. உழைத்தவர் பெயர் பட்டாவில் ஏறாது.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்று ஒரு ஜூலு பாடகர் 1939-ல் ‘ம்பூபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். அமெரிக்காவில் அது கைமாறிக் கைமாறி, 1961-ல் வேறு பெயரில் பெரிய ஹிட். 1994-ல் டிஸ்னியின் ‘லயன் கிங்’ வரை வந்துவிட்டது. படத்தில் அந்தப் பன்றியும் கீரியும் சேர்ந்து பாடுமே, அந்தப் பாட்டுதான். லிண்டா 1962-லேயே ஏழையாகச் செத்துப்போனார். அவர் குடும்பம் வழக்குப் போட்டு, 2006-ல்தான் சமரசமாகி ஏதோ வந்தது. சின்ன வயசில் நாம் எல்லோரும் சிரித்துக்கொண்டு பார்த்த சீன் அது. அந்தச் சிரிப்பில் தப்பில்லை. ஆனால் ‘அது வெறும் கார்ட்டூன் பாட்டுப்பா’ என்று லிண்டாவின் பிள்ளைகளிடம் போய்ச் சொல்ல முடியுமா?

இங்கே ஒரு நண்பர் நேற்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாகவேண்டும். “ஒருத்தன் சாதிப் பெருமை பாடினா தப்பு, இன்னொருத்தன் சாதியப் பத்திப் பாடினா புரட்சியா? ரெண்டும் சாதிப் பாட்டுதானே?” கேட்க நியாயமாக இருக்கும். 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் மேடை ஏறியபோதும் இதே கேள்வி வந்தது. பெயரிலேயே ‘சாதியற்ற’ என்று வைத்திருக்கிறார்கள், அவர்களைப் பார்த்துச் சாதி பேசுகிறாய் என்றார்கள். அவர்கள் இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பற்றிப் பாடினார்கள். ஒரு பாட்டு “என் காலடியில் நீ இரு” என்கிறது. இன்னொரு பாட்டு “காலை எடு” என்கிறது. இரண்டிலும் கால் வருகிறது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடுமா?

எங்கள் பக்கமும் சுத்தம் என்று சொல்லமாட்டேன். கானாவிலும் ராப்பிலும் பெண்களைப் பற்றி வருகிற வரிகளைக் கேட்டால் காது கூசுகிறது. அதைச் சொன்னால் “அது எங்க ஏரியா கல்ச்சர்” என்கிறார்கள். உங்கள் ஏரியாவில் உங்கள் அக்கா தங்கச்சி இல்லையா? 2021-ல் ‘கர்ணன்’ படத்தில் ‘பண்டாரத்தி புராணம்’ என்ற பாட்டு ஒரு சமூகத்தைப் புண்படுத்துகிறது என்று வழக்கு வந்தபோது, மாரி செல்வராஜ் பெயரை ‘மஞ்சனத்தி’ என்று மாற்றினார். மாற்றத்தான் வேண்டுமா என்று அப்போது பெரிய சண்டையே நடந்தது. ஆனால் ஒன்று கவனியுங்கள். ஒருவர் ‘வலிக்கிறது’ என்றதும் இவர் மாற்றினார். 1992 பாட்டுக்காரர்களிடம் முப்பது வருஷமாக ‘வலிக்கிறது’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், டிக் போடுகிறார்கள்.

நம்ம திருவாரூரில்தான் தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூன்று பேரும் பிறந்தார்கள். நன்னிலத்திலிருந்து ஒரு பஸ் தூரம். வீட்டு வாசலில் பலகை இருக்கிறது, வருஷா வருஷம் விழா எடுக்கிறார்கள், சந்தோஷம். அந்த வீடுகளுக்கு அரிசி எந்த வயலிலிருந்து வந்தது, அந்த வயலில் யார் என்ன பாடினார்கள் என்று கேட்டால் மட்டும் “பாட்டுல எதுக்குப்பா அரசியல்?”

கடைசியாக ஒரு விஷயம், இது என் வகுப்புக்கு மட்டும். மற்றவர்கள் போகலாம். வரும் புதன்கிழமைக்குள் திருத்திய லிஸ்ட் கொடுக்கவேண்டும். நான் செண்டை எழுதப்போவதில்லை. பழைய வரியையே எழுதுகிறேன், தப்பு இரண்டு, பாட்டு ‘என்ஜாய் எஞ்சாமி’. பாட்டின் பக்கத்தில் ‘எழுதியவர்: அறிவு’ என்று சேர்த்து எழுதுகிறேன். போன தடவை அதை நாமும் எழுதவில்லை, கவனித்தீர்களா? பாட்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம் அப்பாயி பாடியதை ஓடவிடலாம் என்று இருக்கிறேன், போனில் பதிவு செய்துவிட்டேன் (புகழ்கிற நாலு அடி மட்டும், பயப்படாதீர்கள்). “எதுக்குடா இது?” என்று கேட்டது. காலேஜ்ல போடுவோம் என்றேன். “எம் பேரு சொல்லுவாங்களா?” என்றது. சொல்லச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒத்திகைக்கு வருகிறவர்கள் கடைசி பீரியட் முடிந்து நூலகத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். தப்பு காய்ச்சுவதற்கு யாராவது வைக்கோல் கொண்டுவாருங்கள்.